வெப்பம் போக வழி வேண்டும்



பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டன. கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாசலில் நின்றபோது, உங்களில் பல குடும்பத்தார் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் புறப்படவிருப்பதைச் சொல்லி, பிரயாணத்திற்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டீர்கள். ஜெபித்தேன், இனியும் ஜெபிப்பேன். ஆயினும், ஜெபத்தோடு சேர்த்து உங்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று சில நாட்களாகவே என் உள்ளத்தில் இருக்கிறது. ஆகவே இந்த வாரச் சிந்தனையை ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: காரின் இன்ஜின் ஏன் அளவுக்கு மீறிச் சூடாகிறது?

“இது மெக்கானிக்கிடம் கேட்கவேண்டிய கேள்வியாயிற்றே, போதகருக்கு இதில் என்ன வேலை?” என்று நீங்கள் புன்னகைக்கலாம். கோடை நாட்களில் மலைப்பாதையில் சென்றவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். வளைவின் ஓரத்தில் ஒரு கார் பானெட்டைத் திறந்தபடி நிற்கும். உள்ளிருந்து ஆவி எழும். குடும்பத் தலைவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி செய்வதறியாது நிற்பார். பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி நின்ற காரொன்றில் நம் சபையின் வாலிபர் ஒருவரும் இருந்தார். மலையேறிப் பார்க்கச் சென்றவர், முன்கையும் மார்பும் வெந்து மருத்துவமனையில் பதினொரு நாட்கள் படுத்திருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் தவிர்த்திருக்கிறேன். அவருக்கு நேர்ந்தது உங்களில் எவருக்கும் நேரக்கூடாது என்பதே என் விருப்பம்.

சூடாவது குற்றமன்று

முதலாவது ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். இன்ஜின் சூடாவது அதன் பழுதன்று. அதுவே அதன் தொழில். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து எரியும் அந்தக் கணத்தில் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டுகிறது. அந்த நெருப்பைச் சூழ்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட் பெரும்பாலான கார்களில் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். தன்னையே உருக்கவல்ல நெருப்பைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு காரும் நம் வீட்டு வாசலிலிருந்து புறப்படுகிறது.

நாம் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் ஊற்றினால், அதில் ஏறத்தாழ 30 ரூபாய்க்கு உரிய ஆற்றலே வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. மீதம் முழுவதும் வெப்பம். அதில் ஏறக்குறைய ஒரு பாதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். மறுபாதி இன்ஜினின் உடம்பிலேயே தங்கி, யாரேனும் தன்னை எடுத்துச் செல்லக் காத்திருக்கும். அதை ஓயாமல் எடுத்துச் சென்று வெளிக்காற்றில் இறக்கிவிட்டால் வண்டி நாள் முழுவதும் ஓடும். எடுத்துச் செல்வது சற்றே தடைப்பட்டாலும் சில நிமிடங்களில் முள் சிவப்பை நோக்கி எழும்பும்.

மிகவும் குளிர்ந்திருப்பதும் இன்ஜினுக்கு நல்லதன்று என்பதையும் கவனியுங்கள். குளிர்ந்த நிலையில் எண்ணெய் தடித்திருக்கும், எரிபொருள் சரியாக எரியாது, தேய்மானம் அதிகமாகும். ஏறத்தாழ 90 டிகிரி வெப்பத்தில்தான் அது நலமாக வேலை செய்யும். ஆகவே, ‘சூடே ஆகாத இன்ஜின்’ என்பது நல்ல இன்ஜின் அன்று, ஓடாத இன்ஜின். நாம் கேட்கவேண்டியது ‘ஏன் சூடாகிறது?’ என்பதைவிட, ‘சூடு வெளியேறும் வழியில் எது அடைபட்டது?’ என்பதே.

வெப்பம் செல்லும் வழி

அந்த வழியை எனக்கு விளக்கியவர், நம் சபை வேனைப் பல ஆண்டுகள் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணன். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் பானெட்டைத் திறந்துவைத்து அவர் நடத்திய பாடம் எந்தக் கல்லூரி வகுப்பிற்கும் குறைந்ததன்று. “ஐயா, நம்ம உடம்புல ரத்தம் ஓடுற மாதிரிதான் இதுவும்” என்று ஆரம்பித்தார்.

சிலிண்டர்களைச் சுற்றி உள்ளறைகள் உண்டு. அவற்றில் நீரும் கூலன்டும் கலந்த திரவம் நிறைந்திருக்கும். வாட்டர் பம்ப் என்னும் இருதயம் அதை இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். வழியில் தெர்மோஸ்டாட் என்னும் காவலாளி நிற்கிறான். அதனுள் ஒரு மெழுகுத் துண்டு இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வாசல் மூடியிருக்கும். வெப்பம் 80 டிகிரியைக் கடந்ததும் மெழுகு உருகி விரிந்து வாசலைத் திறக்கும். சூடான திரவம் ஹோஸ் வழியே முன்னாலுள்ள ரேடியேட்டருக்கு வரும். அங்கே மெல்லிய குழாய்களில் பிரிந்து ஓடி, அவற்றின் மேலுள்ள தகட்டு மடிப்புகள் வழியே தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, இளைப்பாறிய நீராக இன்ஜினுக்குத் திரும்பும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரின் ஊடே புகும். நிற்கும்போது ஃபேன் அந்த வேலையைச் செய்யும். ஒரு நிமிடத்தில் பலமுறை இந்தச் சுற்று நிறைவேறுகிறது. நாமோ பாட்டுக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறோம்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உண்டானதன்று. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்னும் பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே மான்ஹைம் நகரிலிருந்து தாம் பிறந்த ஊராகிய ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 106 கிலோமீட்டர் தொலைவு. உலகில் முதன்முதல் நிகழ்ந்த நெடுந்தூர மோட்டார் பயணமாக அது போற்றப்படுகிறது. அந்த வண்டியில் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. இன்ஜினைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போவதே அதைக் குளிர்விக்கும் முறை. ஆகவே வழிநெடுக நீர் குறைந்துகொண்டே வந்தது. அந்தத் தாய் ஊருக்கு ஊர் நிறுத்தி, சத்திரங்களிலும் ஓடைகளிலும் தண்ணீர் எடுத்து ஊற்றினார். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். வீஸ்லோக் என்னும் ஊரில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார்கள். இருட்டிய வேளையில் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1900-ஆம் ஆண்டின் இறுதியில், வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியாளர் புதிய மெர்சிடிஸ் காருக்குத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள 8,070 சிறு சதுரக் குழாய்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. முன்னைவிட மிகக் குறைந்த நீரே போதுமானதாயிற்று. நீரை அதிகமாகச் சுமக்கவேண்டியதில்லை, அந்த நீர் காற்றைத் தொடும் பரப்பைப் பெருக்கினால் போதும் என்று அவர் கண்டுகொண்டார். இன்றைய ஒவ்வொரு ரேடியேட்டரும் அந்த எண்ணத்தின் பிள்ளையே.

எங்கே அடைபடுகிறது?

இப்போது காரணங்களைப் பார்ப்போம். முதலாவதும் மிகச் சாதாரணமானதும் திரவம் குறைந்துபோவது. பழைய ஹோஸில் ஒரு கீறல், இறுக்கம் தளர்ந்த ஒரு கிளிப், வாட்டர் பம்ப் ஓரத்தில் ஒரு கசிவு போதும். துளித்துளியாகப் போவதை எவரும் கவனிப்பதில்லை. காலையில் வண்டி நின்ற இடத்தில் ஈரம் இருந்தால், “ஏ.சி. தண்ணீராக இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறோம். ஏ.சி. நீர் நிறமற்றது, கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும், விரலில் தொட்டால் வழுவழுக்கும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தால் பாதி ஆபத்து நீங்கும்.

இரண்டாவது, உள்ளே படியும் உப்பு. “நம் ஊரில் பனி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு?” என்று கேட்டு, வீட்டு போர் தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் உண்டு. நீர் உறையாமல் காப்பது கூலன்டின் பணிகளில் ஒன்றே. கொதிநிலையை உயர்த்துவதும், உலோகம் அரிக்காமல் காப்பதும் அதன் மற்றப் பணிகள். அவ்விரண்டும் நம் ஊருக்கு மிகவும் தேவை. உப்பு நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதை இல்லத்தரசிகள் நன்கறிவார்கள். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் வருடக்கணக்கில் படிந்தால், நீர் ஓடவும் இடமில்லை, வெப்பம் கடக்கவும் வழியில்லை. வெளியே பார்த்தால் ரேடியேட்டர் புதிதுபோலவே இருக்கும்.

மூன்றாவது, ஓட்டமும் காற்றும் நின்றுபோவது. பெல்ட் அறுந்தால் அதனால் சுழலும் பம்ப் நிற்கும். ஃபேன் மோட்டார் பழுதானால் நெடுஞ்சாலையில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றவுடன் முள் ஏறும். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் நீர் ரேடியேட்டருக்கு வரவே முடியாது.

மலைப்பாதையில் இவையெல்லாம் ஒன்றுகூடி வெளிப்படுகின்றன. வத்தலக்குண்டைக் கடந்து ஏறத் தொடங்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். ஆறு பேரும் பெட்டிகளும் ஏறிய பாரம். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இன்ஜின் முழு வேகத்தில் சுழல்கிறது. வண்டியோ மெதுவாக நகர்கிறது. எரிபொருள் மிகுதியாக எரிகிறது. எதிர்க்காற்றோ மிகக் குறைவு. ஏ.சி. தன் வெப்பத்தையும் ரேடியேட்டரின் முன்னால் கொண்டுவந்து கொட்டுகிறது. மேலும், உயரம் கூடக்கூட நீரின் கொதிநிலை குறையும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் மறைந்திருந்த சிறு குறையை மலை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. மலை புதிதாக ஒரு பழுதையும் உண்டாக்குவதில்லை.

அந்த மூடியைத் திறவாதிருங்கள்

ரேடியேட்டரின் மூடி சாதாரண மூடியன்று. நம் சமையலறை குக்கரைப்போல அது அழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். ஆகவே வெறும் நீரும் அதனுள் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதியாமல் திரவமாகவே இருக்கும். அந்த வேளையில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? விசில் அடங்காத குக்கரைத் திறப்பதுதான். அழுத்தம் ஒரு நொடியில் நீங்க, அதுவரை அடங்கியிருந்த நீர் அப்போதே பொங்கி ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தைக் கேட்கும். அது ஓடிவரும் ஒரே வழி, திறந்தவரின் கையும் முகமும் இருக்கும் வழி.

நம் வாலிபருக்கு நேர்ந்தது இதுதான். நண்பரின் கார், பின்னால் வரிசையாக வாகனங்கள், ஓயாத ஹாரன் ஒலி, “சீக்கிரம் பாருங்க தம்பி” என்று யாரோ கொடுத்த அவசரம். கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினார். மருத்துவமனையில் அவர் அருகே உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது இன்னும் என் நினைவிலிருக்கிறது: “ஐயா, வலியைவிட அந்த ஹாரன் சத்தம்தான் இன்னும் காதுல கேக்குது.” மற்றவர்களின் பொறுமையின்மை நம் கையைக் கொண்டு காரியம் செய்துவிடக்கூடும். எனக்குப் பின்னால் எத்தனை பேர் காத்திருந்தாலும், குளிரும்வரை காத்திருப்பது என் உரிமை. இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இறங்கும் முள்ளை நம்பாதிருங்கள்

இனி நான் சொல்லப்போவது பலரும் அறியாதது. அண்ணன் எனக்குச் சொன்ன பாடங்களில் என்னை மிகவும் சிந்திக்க வைத்ததும் இதுவே.

முள் ஏறினால் ஆபத்து என்பதை எல்லாரும் அறிவோம். ஆனால் சிவப்பின் அருகே நின்ற முள் திடீரென்று கீழே இறங்கினால்? “அப்பாடா, ஆறிவிட்டது” என்று நாம் ஆறுதலடைவோம். உண்மை வேறாக இருக்கலாம். வெப்பத்தை அளக்கும் சென்ஸார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். திரவம் முழுவதும் வெளியேறிப்போயிருந்தால், அது வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு குறைந்த அளவைக் காட்டக்கூடும். முள் இறங்கும், இன்ஜினோ முன்னைவிட வேகமாக வெந்துகொண்டிருக்கும். அந்த முள்ளை நம்பித் தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும். ஹெட் கேஸ்கெட் எரியும். எண்ணெயில் நீர் கலந்து பால் சேர்த்த தேநீர்போல் ஆகும். இறுதியில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி இன்ஜின் சீஸ் ஆகிவிடும். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிந்திருக்கவேண்டிய வேலை, இன்ஜினையே இறக்கிப் பிரிக்கும் வேலையாகும்.

பிரியமானவர்களே, இதைக் கேட்ட நாளில் என் மனம் காரைவிட்டு மனிதரிடம் சென்றது. நம் சபையில் ஒரு சகோதரி இருக்கிறார்கள். பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பள்ளி, பண்டிகை விருந்து, வீட்டில் படுக்கையிலிருந்த மாமியார், இரண்டு பிள்ளைகள், தம் வேலை. எல்லாவற்றையும் ஒருவராகச் சுமந்தார்கள். சுமக்கும்போது முறையிட்டார்கள், சிலவேளை கூட்டங்களில் கடிந்தும் பேசினார்கள். “அவர்களுக்குக் கோபம் அதிகம்” என்று சிலர் சொன்னதுண்டு. ஒரு பருவத்தில் அந்த முறையீடு நின்றுபோயிற்று. எதைச் சொன்னாலும் “சரி” என்றார்கள். எல்லாருக்கும் நிம்மதி. என் துணைவியார் மாத்திரம், “அவங்க சண்டை போடுறதை நிறுத்தினதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார். அன்று மாலையே சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டிற்குச் சென்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமியாருக்கு உணவு ஊட்டினார், பாத்திரம் கழுவினார், திரும்பிவந்தார். மூன்றாம் முறை சென்றபோதுதான் அந்தச் சகோதரி வாய்திறந்து அழுதார்கள். பல வாரங்களாக இரவில் இரண்டு மணி நேரத்திற்குமேல் உறங்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர்கள் சுமந்த பொறுப்புகளை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தோம். அவ்வாண்டு அறுப்பின் பண்டிகை விருந்தில் சாம்பாருக்கு உப்புக் குறைந்தது, சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் சகோதரி அன்று பந்தியில் உட்கார்ந்து, பிறர் பரிமாறச் சாப்பிட்டார்கள்.

முறையிடுகிறவர்களிடம் இன்னும் நீர் இருக்கிறது. அவர்கள் முள் இன்னும் உண்மையைக் காட்டுகிறது. வெகுநாள் சுமந்தவர் திடீரென்று அமைதியானால், அதைச் சமாதானம் என்று எண்ணி மகிழ்ந்துவிடாதிருங்கள். அருகே சென்று பாருங்கள். ஆனால் உடனே மூடியைத் திறக்க முயலாதிருங்கள். எலியா தீர்க்கதரிசியின் சரித்திரத்தை நினைவுகூருங்கள். கர்மேலின் வெற்றிக்குப் பின் அவர் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாவே நலம் என்று சொன்னபோது, அவருக்கு முதலில் கிடைத்தது கேள்வியன்று. உறக்கம், சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். அதுவும் இரண்டு முறை. ‘உனக்கு இங்கே என்ன காரியம்’ என்ற விசாரணை, அவர் நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பின்புதான் வந்தது. பல ஆண்டுகள் இப்பகுதியை வாசித்திருந்தும், அந்த வரிசைமுறையின் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு ரேடியேட்டர் மூடி.

புறப்படும் முன்னும், வழியிலும்

இப்போது நீங்கள் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பாகவே இவற்றைப் பாருங்கள். அந்த நாள் காலையில் பார்த்தால் பழுதைச் சரிசெய்ய நேரமிருக்காது.

இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் பானெட்டைத் திறந்து, கூலன்ட் தொட்டியில் திரவம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி குறைந்தால் மேலும் ஊற்றிக்கொண்டிராமல் கசிவைத் தேடச் சொல்லுங்கள். ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ, ஊதிப்போன இடமோ இருந்தால் மாற்றுங்கள். ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் மண்ணும் அடைந்திருந்தால் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். கூலன்ட் மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால், உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் வகையையே கேட்டு மாற்றுங்கள்.

வழியில் முள் நடுவைவிட்டு ஏறத் தொடங்கினால், முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். உங்கள் காரில் ஹீட்டர் இருந்தால், கண்ணாடிகளை இறக்கிவிட்டு அதை முழு அளவில் திறந்துவிடுங்கள். கோடையில் ஹீட்டரா என்று வியக்காதிருங்கள். ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கும் இன்னொரு சிறிய ரேடியேட்டர். இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். உள்ளிருப்பவர்களுக்கு வியர்க்கும், இன்ஜினுக்குச் சற்றே மூச்சு கிடைக்கும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது எவ்வாறு என்று பிள்ளைகள் கேட்டால், இதைக் காட்டி விளக்கலாம்.

அதன்பின்னும் முள் ஏறினால், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் மூன்று கிலோமீட்டர்தான் என்று கணக்குப் பார்க்காதிருங்கள். இன்ஜின் அழிய மூன்று கிலோமீட்டர் தாராளமாகப் போதும். அனைவரும் சாலையைவிட்டு விலகி நில்லுங்கள். ஆவி வந்தால் அது அடங்கிய பிறகே பானெட்டைத் திறவுங்கள். குறைந்தது அரைமணி, கூடுமானால் ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். சூடான இன்ஜின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதிருங்கள். உலோகம் திடீரென்று சுருங்கி விரிசல் விடக்கூடும். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் அளவுக்குக் குளிர்ந்து, அழுத்தினால் மென்மையாக அமுங்கும்போது மாத்திரம், கனமான துணியால் மூடியைப் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். கூலன்ட் இல்லாவிட்டால் அவசரத்திற்கு நல்ல குடிநீரை ஊற்றலாம். ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டுச் சரியான திரவத்தை நிரப்பவேண்டும். ஊற்றிய நீர் உடனே கீழே ஒழுகினாலோ, புகைக்குழாயில் வெண்புகை விடாமல் வந்தாலோ, வண்டியை ஓட்டாதிருங்கள். இழுவை வண்டியை வரவழையுங்கள்.

நின்றுபோவதைக் குறித்து வெட்கப்படாதிருங்கள். முதல் நெடும்பயணம் சென்ற அந்தத் தாய் எத்தனை இடங்களில் நின்றார் என்று எவரும் அவரைப் பரிகசிப்பதில்லை. போய்ச் சேர்ந்ததைத்தான் உலகம் நினைவுகூருகிறது. அறையின் முன்பதிவு வீணாகலாம், படகு சவாரி தவறலாம். அவை மீண்டும் கிடைக்கும்.

நம் வாலிபர் இவ்வாண்டும் நண்பர்களோடு மலைக்குச் செல்கிறார். முன்கையில் தழும்பு இருக்கிறது. அதை அவர் மறைப்பதில்லை. இம்முறை ஓட்டுபவர் அவரே. போன வாரம் என்னிடம் வந்து, “ஐயா, கிளம்புறதுக்கு முன்னாடி அண்ணனை ஒருமுறை வண்டியைப் பார்க்கச் சொல்லுவீங்களா?” என்று கேட்டார். அண்ணன் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வண்டிகள் குளிர்ந்திருக்கும் வேளையில், ஆலய வளாகத்தில் இருப்பார். அவர் பார்த்துத் தரவேண்டும் என்று விரும்புகிறவர்கள் உங்கள் வண்டிகளையும் முந்தின இரவே அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். காலையில் ஓட்டிவந்தால் மூடியைத் திறக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று சொல்லச் சொன்னார்.

கர்த்தர் உங்கள் பிரயாணங்களில் துணைநின்று, உங்கள் யாவரையும் சுகமாய் வீடு சேர்ப்பாராக.

உங்கள் போதகர்